முழு எது? வன்னிக் கணக்கில் ஒரு வட்ட வரைபு

இலங்கையின் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களையும் ஒரு வட்டத்துக்குள் அடக்கிப் பார்ப்போம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாணத்தில் 583,882 பேர், வவுனியாவில் 172,115, கிளிநொச்சியில் 113,510, மன்னாரில் 99,570, முல்லைத்தீவில் 92,238. கூட்டினால் 1,061,315. 1981க்குப் பிறகு வடக்கு முழுவதையும் எண்ணி முடித்த முதல் கணக்கெடுப்பு அது. இடையில் 2001இல் நடந்தது இந்தப் பக்கத்தை முழுதாகத் தொடவில்லை.

இதை வட்ட வரைபாக்க ஒரு கவராயம், ஒரு பாகைமானி, ஒரு கல்குலேற்றர் போதும். முழு வட்டம் 360 பாகை. மொத்த ஆட்களுக்கு 360 என்றால் முல்லைத்தீவுக்கு எத்தனை? 92,238ஐ 1,061,315ஆல் பிரித்து 360ஆல் பெருக்கினால் 31.29 வரும். பாகைமானியில் தசமம் வைக்க முடியாது, ஆகவே 31. இப்படியே மன்னாருக்கு 34, கிளிநொச்சிக்கு 39, வவுனியாவுக்கு 58, யாழ்ப்பாணத்துக்கு 198. கூட்டிப் பாருங்கள், சரியாக 360.

வரையும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். பாகைமானி 180உடன் முடிந்துவிடும். 198ஐ எங்கே வைப்பது? அதைவிடப் பெரிய தொல்லை, ஒவ்வொரு ஆரைச்சிறையையும், அதாவது வட்டத் துண்டையும், முந்தையதன் கோட்டில் இருந்து அளப்பது. ஒரு கோட்டில் அரைப் பாகை பிசகினால் அடுத்தது அதையும் சுமக்கும். கடைசித் துண்டில் எல்லாப் பிழையும் வந்து சேரும். இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வட்டத்தின் உச்சிக்கு, மணிக்கூட்டில் 12 நிற்கும் இடத்துக்கு, மையத்தில் இருந்து ஒரு கோடு போடுங்கள். பாகைமானியை அந்தக் கோட்டின் இடப்பக்கமாக ஒரேயொரு தடவை வையுங்கள். சிறியதில் இருந்து கூட்டிக்கொண்டே போய் 31, 65, 104, 162 என்று நான்கு புள்ளிகள் குத்துங்கள். பாகைமானியை அசைக்கவே வேண்டாம். நான்கு கோடுகளையும் இழுத்ததும் மிச்சமிருப்பது யாழ்ப்பாணம். அதை அளக்கத் தேவையில்லை. உச்சியில் இருந்து வலப்பக்கமாகப் படித்துக்கொண்டு வந்தால் பெரியதில் இருந்து சிறியதுக்கு ஒழுங்காக இறங்கி வரும். கண்ணும் அப்படித்தான் போக விரும்புகிறது.

சரி, இப்போது அதே ஐந்து மாவட்டங்களின் பரப்பளவு. குளம், ஏரி எல்லாம் சேர்த்து முல்லைத்தீவு 2,617 சதுர கிலோமீற்றர், மன்னார் 1,996, வவுனியா 1,967, கிளிநொச்சி 1,279, யாழ்ப்பாணம் 1,025. மொத்தம் 8,884. பாகைக் கணக்குப் போட்டு முழு எண்ணாக்கினால் 106, 81, 80, 52, 42. கூட்டினால் 361.

ஒரு பாகை எங்கிருந்து வந்தது? ஒருவரும் பிழை விடவில்லை. ஐந்தில் நான்கு எண்கள் மேல்நோக்கிச் சரிந்தன, அவ்வளவுதான். எது அரைக்கு மிகக் கிட்ட நின்று மேலே தூக்கப்பட்டதோ அதைக் கீழே இறக்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் 41.54தான் அது. 41 ஆக்கினால் கணக்குச் சரி. இதே எண்களைச் சதவீதமாக்கி முழு எண்ணில் எழுதினால் வேறு வேடிக்கை: 29, 22, 22, 14, 12. கூட்டினால் 99. கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கூட்டிப் பார்ப்பார், "மிச்ச ஒண்டு எங்க?" என்று கேட்பார். அதற்குப் பயந்து ஒரு சதவீதத்தை எங்கேயாவது ஒட்டிவிடும் பழக்கம் அலுவலகங்களில் உண்டு. வேண்டாம். ஒரு தசமம் விட்டு எழுதினால் 29.5, 22.5, 22.1, 14.4, 11.5 என்று நூறு வந்துவிடுகிறது. வராத இடத்தில், முழு எண்ணாக்கியதால் நூறு வரவில்லை என்று அடியில் ஒரு வரி போட்டால் போதும்.

இரண்டு வட்டங்களையும் பக்கத்தில் வையுங்கள். முதல் வட்டத்தில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணம். இரண்டாவதில் அது அரைக்காலுக்கும், அதாவது எட்டில் ஒன்றுக்கும், குறைவு. முதல் வட்டத்தில் கடைசித் துண்டான முல்லைத்தீவு இரண்டாவதில் முதல் துண்டு. ஆள் கணக்கில் பங்கிட்டால் முல்லைத்தீவுக்கு நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை, நிலக் கணக்கில் பங்கிட்டால் முப்பதுக்குக் கிட்ட. வகுப்பறை கட்ட ஆள் கணக்கு வேண்டும். வீதி போட, மின்கம்பம் நட, பஸ் விட நிலக் கணக்கும் வேண்டும். வட்ட வரைபுக்கு நான் கொடுக்கும் மதிப்பு இந்த ஒரு காரியத்துக்காகத்தான்: ஒரு முழுவை யார் யார் எவ்வளவாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அது ஒரு பார்வையில் காட்டிவிடும். வேறு எதைக் கேட்டாலும் அது உளறும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் இதற்குப் பை என்ற மாவுப் பண்டத்தின் பெயர். பிரெஞ்சுக்காரர் கமம்பேர் என்ற வட்டப் பாற்கட்டியின் பெயரால் அழைக்கிறார்கள், பிரேசிலில் பீட்சா. நமக்குப் பை என்றால் சாமான் வாங்கப் போகும் பை, அல்லது வட்டத்தோடு வரும் 3.14. இலங்கைப் பாடநூல் வட்ட வரைபு என்கிறது, தமிழ்நாட்டுப் பாடநூல் வட்ட விளக்கப்படம் என்கிறது. தின்பண்டம் எதிலும் கை வைக்காமல் தப்பித்துவிட்டோம்.

முதன்முதலில் இதை வரைந்தவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், 1801இல். கோட்டு வரைபையும், பட்டைகளை நிறுத்திக் காட்டும் சலாகை வரைபையும் 1786இலேயே வெளியிட்டிருந்தவர். துருக்கிப் பேரரசின் நிலம் ஆசியாவில் எவ்வளவு, ஐரோப்பாவில் எவ்வளவு, ஆபிரிக்காவில் எவ்வளவு என்று ஒரு வட்டத்தை மூன்றாக வெட்டி, பச்சை, சிவப்பு, மஞ்சள் தீட்டினார். மூன்றே துண்டு. இன்றைக்கும் இதைவிட நல்ல வட்ட வரைபுகள் குறைவு. 1858இல் சார்ல் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் ஒரு வரைபடத்தின் மேல் சிறு வட்டங்களைப் பரப்பி, எந்தப் பகுதியில் இருந்து பாரிசுக்கு எவ்வளவு மாட்டிறைச்சி, கன்றிறைச்சி, ஆட்டிறைச்சி போகிறது என்று காட்டினார். அதிகம் அனுப்பும் பகுதிக்குப் பெரிய வட்டம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: தொகை நான்கு மடங்கானால் ஆரை இரண்டு மடங்குதான் ஆக வேண்டும், ஏனென்றால் கண் பார்ப்பது பரப்பை. ஆரையையும் நான்கு மடங்காக்கினால் படம் பதினாறு மடங்கு கத்தும். அதே 1858இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் வரைந்த புகழ்பெற்ற படத்தைப் பலரும் வட்ட வரைபு என்று நினைப்பதுண்டு. அதில் பன்னிரண்டு மாதத்துக்கும் கோணம் ஒன்றுதான், 30 பாகை. கூடிக் குறைவது ஆரை. அது வேறு சாதி.

கண் எவ்வளவு நுட்பமாகப் பார்க்கும்? இதற்கு நம்மிடமே ஓர் அளவுகோல் இருந்தது. பழைய தமிழ்ப் பின்னங்களை எடுங்கள்: அரை 180 பாகை, கால் 90, அரைக்கால் 45, மாகாணி 22.5, மா 18, காணி 4.5, முந்திரி 1.125. வட்டத்தில் அரையையும் காலையும் முக்காலையும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். நேர்கோடும் மட்டமூலையும் கண்ணுக்குப் பழக்கமானவை. அரைக்காலையும் ஒருவாறு பிடிக்கலாம். மாகாணியில் தடுமாற்றம் தொடங்கும். காணிக்குக் கீழே போனால் குருட்டுச் சூதுதான். நிலப் படத்தில் மன்னாரும் வவுனியாவும் அப்படித்தான்: 1,996க்கும் 1,967க்கும் உள்ள வித்தியாசம் ஒரு முந்திரிக்குச் சற்றே மேல். எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது. இரண்டையும் சலாகையாகப் பக்கத்தில் நிறுத்தினால் உச்சியில் ஒரு சிறு படி தெரியும்.

1984இல் கிளீவ்லண்ட், மக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் ஆட்களை வைத்துச் சோதித்துச் சொன்னதும் இதுதான். ஒரே அடிக்கோட்டில் நிற்கும் உயரங்களை ஒப்பிடுவதில் மனிதர் கெட்டிக்காரர். கோணத்தை ஒப்பிடுவதில் அவ்வளவு இல்லை. அன்றிலிருந்து வட்ட வரைபைத் திட்டுவது புள்ளியியல்காரரிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. நான் அந்தக் கட்சியில் முழுதாகச் சேரவில்லை. 1926இலேயே ஈல்ஸ் என்ற ஆய்வாளர் மாணவர்களை வைத்துச் சோதித்து, முழுவின் பங்குகளைக் காட்ட வட்டம், துண்டுகளாகப் பிரித்த ஒற்றைச் சலாகையைவிட மோசமில்லை என்று வாதாடினார். அடுத்த ஆண்டே அதற்கு மறுப்பும் வந்தது. 2016இல் வந்த ஓர் ஆய்வோ, நாம் கோணத்தைப் பார்த்து மட்டும் படிப்பதில்லை, வில்லின் நீளத்தையும் பரப்பையும் நம்புகிறோம் என்கிறது. நடுவில் ஓட்டை போட்ட வட்டம், அதுதான் டோனட், ஏறத்தாழ அதே அளவுக்கு வாசிக்கப்படுவதற்கும் அதுவே காரணம். நூறு வருடச் சண்டை. எது பெரிது என்று கேட்டால் சலாகை, பாதியைத் தாண்டியதா என்று கேட்டால் வட்டம். எனக்கு இதுவரை உதவிய தீர்ப்பு இது.

முப்பரிமாண வட்டத்துக்கு மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். அதை ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒன்பது துண்டு, சரித்து வைத்த கேக் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் பளபளப்பு. புரொஜெக்டரில் போட்டுவிட்டுப் பெருமையாக நின்றேன். முன்வரிசையில் இருந்த கமக்கார ஐயா ஒருவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, முன்னுக்கு நிக்கிறது பெரிசாத் தெரியுது. பின்னுக்கு நிக்கிறதுக்கு நம்பர் கூடக் கிடக்கு. நாங்கள் எதை நம்பிறது?"

"நம்பரை நம்புங்கோ ஐயா."

"அப்ப படம் ஏன்?"

பதில் சொல்ல முடியவில்லை. சரித்து வைத்த வட்டத்தில் முன்பக்கத் துண்டுக்குப் பக்கச் சுவரும் சேர்ந்து பெரிதாகத் தெரியும், பின்பக்கத் துண்டு நசுங்கிவிடும். எண் மாறவில்லை, பங்கு மாறிவிட்டது.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் என் கணக்கில் இருக்கிறது, அதை ஐயாவும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. கிணறு, குழாய்க்கிணறு, பவுசர் என்ற தண்ணீர் வண்டி. வன்னியில் ஆவணி புரட்டாதியில் கிணறு அடிதட்டினால் அதே வீட்டுக்கு பவுசரும் வரும், பக்கத்து வீட்டுக் குழாய்க்கிணறும் உதவும். சனம் உண்மையைச் சொல்லியது, இரண்டு மூன்று பெட்டியில் அடையாளம் போட்டது. விளங்குவதற்கு வட்டமான எண்களில் சொல்கிறேன்: 100 வீட்டில் 70 வீடு கிணறு, 50 வீடு குழாய்க்கிணறு, 30 வீடு பவுசர். கூட்டினால் 150. இதை எக்செலில் போட்டு வட்டம் கேட்டால் அது ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் 150ஐ முழுவாக எடுத்து, கிணறு 47 சதவீதம் என்று எழுதித் தரும். பத்தில் ஏழு வீட்டில் கிணறு இருக்கும் ஊர், பாதி வீட்டில்கூடக் கிணறு இல்லாத ஊராகிவிட்டது. இயந்திரம் என்ன செய்யும்? கொடுத்த எண்களைக் கூட்டுவது அதன் தொழில். அந்தக் கூட்டுத்தொகைக்கு அர்த்தம் இருக்கிறதா என்று கேட்பது நம்முடையது. 150 என்பது வீடும் இல்லை, ஆளும் இல்லை. போட்ட அடையாளங்களின் எண்ணிக்கை. ஒரு வீடு ஒரு பெட்டியில் மட்டும்தான் விழ முடியும் என்றால் வட்டம் போடலாம். இரண்டில் விழக்கூடும் என்றால் சலாகைக்குப் போங்கள்.

ஆக, துண்டுகளைப் பார்க்குமுன் முழுவைக் கேட்க வேண்டும். வன்னிக்கே இதைக் கேட்டுப் பாருங்கள். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. 2012 கணக்கில் 363,923 பேர். அதில் வவுனியா 47.3 சதவீதம், பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் கிளிநொச்சி இல்லாத வன்னி உண்டா என்பார்கள். 1984இல் தனி மாவட்டமாகும் வரை அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. தேர்தல் கணக்கில் இன்றைக்கும் அப்படியே. அதையும் சேர்த்தால் வன்னி 477,433 பேர், வவுனியா 36 சதவீதம், மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். வவுனியாவில் ஓர் ஆள்கூடக் கூடவில்லை, குறையவில்லை. இரண்டு படமும் உண்மை, இரண்டுக்கும் தலைப்பு "வன்னி" என்றால் ஒன்று மற்றதைப் பொய்யாக்கும். மன்னாரில் பெருநிலப்பரப்பை மட்டும்தான் வன்னி என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மூன்றாவது வட்டம் வரைய வேண்டும்.

கண்ணிவெடி அகற்றல் அறிக்கைகளில் வரும் "துப்புரவாக்கிய நிலம், மிச்ச நிலம்" என்ற இரண்டு துண்டு வட்டத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மறுபடி அளந்து புதிதாகச் சந்தேக நிலம் சேர்ந்தால் முழு பெருக்கும். வேலை ஒரு நாளும் நிற்காமல் நடந்தும் துப்புரவாக்கிய துண்டு போன வருடத்தைவிடச் சுருங்கித் தெரியலாம். அங்கே வட்டத்தின் அடியில் எந்தத் திகதியில் எத்தனை சதுர கிலோமீற்றரை முழுவாக எடுத்தார்கள் என்று இல்லாவிட்டால், படத்தை மடித்து வைத்துவிட்டு அட்டவணையைக் கேளுங்கள்.

குளத்து நீர்மட்டம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதைக் காட்ட வட்டம் ஆகாது, கோடு போடுங்கள். இலாபநட்டக் கணக்கும் ஆகாது; நட்டத்துக்கு எதிர்மறைத் துண்டு வெட்ட முடியாது. துண்டுகள் ஆறைத் தாண்டினாலும் யோசியுங்கள். ஏழாவதில் இருந்து எல்லாவற்றையும் "மற்றவை" என்று கட்டிவிடுவது வழக்கம். அது வசதிதான், ஆனால் எதைக் கட்டுகிறோம் என்று பார்த்துக் கட்ட வேண்டும். நெல், உழுந்து, கச்சான் என்று பயிர்களைப் பிரித்து எள்ளை "மற்றவை"க்குள் தள்ளினால் ஒருவரும் கோபிக்கமாட்டார். ஒரு சிறு சமூகத்தை அப்படித் தள்ளினால் அவர்களில் ஒருவர் மண்டபத்தில் இருப்பார், தன் துண்டைத் தேடுவார்.

கணினியில் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் எல்லாம் ஒரே மாதிரி: ஒரு நிரலில் பெயர், பக்கத்து நிரலில் எண், இரண்டையும் தெரிவுசெய்து வட்டத்தைக் கேட்பது. மொத்தத் தொகை இருக்கும் கடைசி வரிசையைச் சேர்த்துத் தெரிவுசெய்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் சரியாகப் பாதி வட்டம் "மொத்தம்" என்று வரும். நான் எண்ணியதற்கு மேல் தடவைகள் அந்தப் படத்தைக் கண்டிருக்கிறேன். எக்செல் உச்சியில் தொடங்கி வலப்பக்கமாக, நீங்கள் கொடுத்த வரிசையிலேயே அடுக்கும். ஆகவே முதலில் பெரியதில் இருந்து சிறியதுக்கு ஒழுங்குபடுத்திவிடுங்கள். பைதனில் மட்பிளொட்லிப் வைத்து வரையும் பிள்ளைகள் கவனிக்க: அது வலப்பக்கத்தில், 3 மணி இடத்தில் தொடங்கி மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். தொடக்கக் கோணத்தை 90 ஆக்கி, சுற்றும் திசையையும் மாற்ற வேண்டும். எழுத்துரு சொல்லாவிட்டால் தமிழ்ப் பெயரெல்லாம் வெறும் பெட்டிகளாக நிற்கும். எக்செலிலும் எழுத்துருத் தொல்லை உண்டு. இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யும் அலுவலகங்கள் இருக்கின்றன. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் கிளிநொச்சி ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யுனிகோட்டில் அடியுங்கள்.

பெயர்களைத் துண்டின் மேலோ பக்கத்திலோ எழுதுங்கள். ஓரத்தில் நிறப்பெட்டி அட்டவணை வைத்தால் வாசிப்பவர் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். நிறத்துக்கு எனக்கு ஒரே சோதனைதான்: படத்தை ஒரு தடவை போட்டோக்கொப்பி எடுத்துப் பார்ப்பது. திரையில் எவ்வளவு அழகான சிவப்பும் பச்சையும் இருந்தாலும், கூட்டத்துக்கு வரும் சனத்தின் கையில் போவது கறுப்பு வெள்ளைக் கொப்பி. சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பல். ஒன்றுக்குக் கடும் கறுப்பு, ஒன்றுக்குக் கோடு, ஒன்றுக்குப் புள்ளி, ஒன்று வெள்ளையாகவே என்று விட்டால் கொப்பியிலும் பிரிந்து தெரியும். இப்போதெல்லாம் நான் தலைப்பை இப்படி எழுதுகிறேன்: "வட மாகாண மக்கள், 2012, ஐந்து மாவட்டம், மொத்தம் 1,061,315 பேர்". நீளம்தான். அந்த ஐயா திரும்ப வந்தால் படத்தையும் நம்பரையும் ஒன்றாகப் படிக்கலாம்.